எண்பத்தேழாவது போல்ட்

அடைகோழி என்றுதான் அதைக் கூப்பிடுகிறார்கள்.
ஸ்லோவாக் பேச்சில் குவோச்கா.
மலையடிவாரத்து ஷெட்டில்
பனி உருகிச் சொட்டும் தகரத்துக்குக் கீழே
இறக்கையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
முக்கால் மீட்டர் அகலத் தண்டவாளம்,
பதினோரு கிலோமீட்டர் பாதை.
முன்பு ஊசியிலை மரங்களை வெட்ட வெட்ட இறக்கியது.
இப்போது சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள்.

எனக்கு வேலை அதன் வயிற்றுக்குள்.

நெருப்புக்கதவு வழியாக முதலில் ஒரு தோள்,
அப்புறம் தலை,
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மிச்சம்.
நாற்பத்தொன்பது வயதில் ஓர் அரசாங்க அதிகாரி
கோழியின் குடலுக்குள் இப்படித்தான் நுழைகிறாள்.
விளக்கு, சுத்தியல், சாக்பீஸ்.
இருநூற்றுப் பன்னிரண்டு போல்ட்டுகள்
உள்சுவரையும் வெளிச்சுவரையும்
ஒன்றையொன்று விட்டு ஓடாமல் பிடித்திருக்கின்றன.
நடுவில் தண்ணீர். கொதித்தால்
அது யாருக்கும் சொந்தமில்லை.

சந்தையில் பானை வாங்குகிறவள் மாதிரி
ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்கிறேன்.
ணங்.
ணங்.
கடன் இல்லாதவன் குரல் அது.
வெளியே பொஜிதாரா கரி அள்ளுகிற சத்தம்.
எண்பத்தைந்து, ணங்.
எண்பத்தாறு, ணங்.
எண்பத்தேழு
தொப்.

மறுபடி தட்டினேன்.
வாயில் துணி வைத்தவன் பேசுவது போல, தொப்.
வெளியே கரி அள்ளுவது நின்றுவிட்டது.

ஊர்ந்து வெளியே வந்து
பாய்லரைச் சுற்றிப் போய்
எண்ணிக்கொண்டே அந்த இடத்தைப் பார்த்தேன்.
உடம்பெல்லாம் வெயிலில் வெளுத்த பச்சை.
அங்கே மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பச்சை.
நகத்தால் சுரண்டினேன்.
அடியில் கண்ணீர் காய்ந்த தடம் மாதிரி
வெள்ளை உப்புக்கோடு.

பெஞ்சில் டிரைவர் வவ்ரினெட்ஸ் உட்கார்ந்திருந்தார்.
அவர் கட்டைவிரல் நகத்திலும் பச்சை.
அதை மறைக்கக்கூட இல்லை.

வெள்ளம் கொண்டுபோன பாலத்தைக் கட்டி முடித்து
வரும் சனிக்கிழமை முதல் ஓட்டம்.
பேண்டு வாத்தியம் வருகிறதாம்.
ஜெல்மீரா இருநூறு கசகசா ரொட்டி சுடுகிறாளாம்.
இதையெல்லாம் அவர் சொல்லவில்லை,
சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் சொன்னது.
அவர் சொன்னது இவ்வளவு:
"ஒரே ஒரு தடவை.
மெதுவாகப் போவேன்."

"வண்டிக்குத்தான் மெதுவும் வேகமும்.
நீராவிக்குத் தெரியாது."

குளிரில் மை உறைந்திருந்தது.
அனுமதி இல்லை என்ற முத்திரையை
இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று.
இரண்டாவது குத்துக்கு
பொஜிதாரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை நான் போயிருக்கக் கூடாது.
போனேன். டிக்கெட் வாங்கினேன்.
மஞ்சள் டீசல் இழுத்தது.
அதன் ஹார்ன் கன்றுக்குட்டி கத்துவது போல் இருந்ததால்
பாலத்தின்மேல் பிள்ளைகள் ஜன்னலில் தலை நீட்டி
தாங்களே கூவினார்கள்.
ஒருத்தி இருமும்வரை கூவினாள்.
பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்த்ததையே வாசித்தார்கள்.
கசகசா என் பல்லில் மாட்டிக்கொண்டது.
யாரும் என்னைத் திட்டவில்லை.
ஆனால் பக்கத்து இருக்கை
கடைசிவரை காலி.

திரும்பும் வழியில் வவ்ரினெட்ஸ் பெட்டி பெட்டியாக வந்தார்.
கோட்டுப்பையிலிருந்து
செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்து
என் மடியில் வைத்துவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போனார்.

பிரித்தேன். எண்பத்தேழு.
இரண்டு துண்டு.
ஒடிந்த முகம் முழுக்கக் கறுப்பு,
என்றோ விரிசல் விட்டுப் பழகிய கறுப்பு.
ஓரத்தில் மட்டும்
வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு வெள்ளி.
அதுதான், அவ்வளவுதான்,
நேற்றுவரை பிடித்துக்கொண்டிருந்தது.

கையில் சூடாக இருந்தது.
அவருடைய பையின் சூடு.
நான் இறங்கும்வரை
மூடி வைத்துக்கொண்டேன்.